தையல் பிரிந்த ஐந்தாம் நாள்

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு போனில் ஒரு படம் வந்தது. முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த பெண் அனுப்பியது. அவள் வளர்க்கும் செம்பி என்ற நாட்டு நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து அன்று ஐந்தாம் நாள். “அண்ணா, நேத்து வரைக்கும் அழகா ஒட்டியிருந்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் பார்த்தா நடுவுல ரெண்டு தையல் விட்டுப்போயிருக்கு, வாய் பிளந்த மாதிரி இருக்கு. ஆறிட்டு வந்த புண்ணு எப்படிண்ணா திடீர்னு பிரியும்?” என்று கேட்டிருந்தாள்.

இதற்குப் பதில் நீளமானது, அதனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாயின் வயிற்றில் போடும் தையல் ஓரடுக்கு இல்லை. அடியில் வயிற்றுச் சுவரின் நடுவே ஓடும் வெள்ளை நார்ப்பட்டை, அதன்மேல் கொழுப்பு, அதற்கும் மேல் தோல். குடலைத் தாங்கிப் பிடிப்பது அந்த நார்ப்பட்டையில் போட்ட தையல்தான். தோல் மட்டும் விட்டிருந்தால் நக்கவிடாமல் பார்த்துக்கொண்டு காலையில் டாக்டரிடம் காட்டலாம். நார்ப்பட்டையும் விட்டுவிட்டால் அந்த இடம் புடைக்கும், இளஞ்சிவப்பாக நீர் கசிந்துகொண்டே இருக்கும், சில சமயம் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையோ குடலோகூட வெளியே தெரியும். அப்போது காலை வரை காத்திருக்கவே கூடாது. சுத்தமான துணியை சலைனில் நனைத்து மேலே வைத்து, வயிற்றைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி, வாய் அங்கே போகாமல் தலையைப் பிடித்துக்கொண்டு அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெளியே வந்ததை நாமே உள்ளே தள்ளக் கூடாது. மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் சாப்பாடும் கொடுக்கக் கூடாது. நல்லவேளை, செம்பிக்குத் தோல் மட்டும்தான்.

சரி, ஐந்தாம் நாள் கணக்குக்கு வருவோம்.

கத்தி பட்டவுடன் நடப்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தட்டணுக்கள் கூடும், ஃபைப்ரின் என்ற புரத இழை வலை பின்னும், ரத்தம் உறையும், வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த செல்களையும் தின்று துப்புரவு செய்யும். முதல் மூன்று நாள் பெரும்பாலும் இந்த வேலைதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விளிம்பு இரண்டும் ஒட்டிவிட்டது போலத் தெரியும், ஆனால் அது மைதாப் பசை போட்டு ஒட்டிய நோட்டீஸ் மாதிரி ஒட்டு, இழுத்தால் வந்துவிடும். அந்த நாட்களில் புண்ணைச் சேர்த்துப் பிடித்திருப்பது டாக்டர் போட்ட நூல் மட்டுமே.

போதாக்குறைக்கு, துப்புரவு நடக்கும்போது வெட்டு விளிம்பில் இருக்கும் பழைய கொலாஜனையும், அதாவது தோலுக்குப் பலம் கொடுக்கும் புரத நாரையும், நொதிகள் கரைக்கின்றன. நூல் கெட்டியாகவே இருந்தாலும் நூலைக் கோத்த சதை இளகிப்போகிறது. நைந்த சட்டையில் தைத்த பொத்தான் துணியோடு பிய்ந்து வருமே, அப்படி. விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டராவது தள்ளி ஊசியை இறக்க வேண்டும் என்று அறுவை சிகிச்சை படிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். ரொம்ப இறுக்கித் தைத்தாலும் ஆபத்து, ரத்த ஓட்டம் நின்று விளிம்பே செத்துவிடும். இதற்கிடையில் நாய்க்கு வலி குறைந்து தெம்பு வந்துவிடுகிறது. புண் இளகிக் கிடக்கும் நேரமும் நாய் மாடிப்படி ஏறத் தொடங்கும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. செம்பி அன்று மதியம் கட்டிலிலிருந்து குதித்திருக்கிறாள். புண்ணை நக்காமல் இருக்க மாட்டும் கழுத்துக் கூம்பையும் பாவமாக இருக்கிறதென்று முந்தின நாளே கழற்றிவிட்டார்களாம்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் புண்ணுக்குள் ஊர்ந்து வந்து கயிறு திரிக்க ஆரம்பிக்கின்றன. உவமைக்காகச் சொல்லவில்லை, கொலாஜன் உண்மையிலேயே கயிறுதான். தேங்காய் நாரில் கயிறு திரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பிரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள், பிரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள், அதனால்தான் இழுத்தால் இறுகுகிறதே தவிர அவிழ்வதில்லை. கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுழல்கிறது, மூன்று சங்கிலிகள் சேர்ந்து வலப்பக்கமாகச் சுழல்கின்றன. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். கயிற்றின் நடுவில் அவ்வளவு நெரிசல், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான அதைத் தவிர வேறெதுவும் அங்கே அடங்காது.

இந்த முப்புரி வடிவத்தை 1954-இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும். அடுத்த வருடமே, மூன்று பிரிகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன என்று மாதிரியைத் திருத்திச் செம்மையாக்கினார்கள். அவர்கள் எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்த்தது கங்காரு வாலின் கொலாஜன் நிறைந்த தசைநாண், அது பக்கத்தில் அடையாறில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. தோல் பதனிடும் தொழிலுக்காக 1948-இல் தொடங்கிய ஒரு நிறுவனம் பக்கத்தில் இருந்ததும், கொலாஜன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்காகவே ஒரு இளம் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் இடமும் கருவியும் கொடுத்ததும் சேர்ந்ததால் வந்தது இது. “இதனால் உடனே என்ன லாபம்?” என்று கேட்டே ஆராய்ச்சிப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்படிக் கேட்டிருந்தால் அந்தக் கங்காரு வால் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

கயிற்றுக்கு முறுக்கு மட்டும் போதாது. சங்கிலியில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலங்களில் பலவற்றின் மேல் ஒரு நொதி ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சின்னக் கொக்கியை மாட்டுகிறது. அந்தக் கொக்கி இல்லாத கொலாஜன் சுமார் 24 டிகிரி சூட்டிலேயே பிரி பிரியாகிவிடும், நாயின் உடம்போ 38 டிகிரிக்கு மேல். கொக்கி மாட்டும் நொதி வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சரித்திரச் சாட்சி உண்டு. 1740-இல் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி உலகைச் சுற்றக் கப்பல்களோடு கிளம்பினார். மாதக்கணக்கில் காய் கனி இல்லாமல் மாலுமிகள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர்களில் ஒரு கிழவர், ஐம்பது வருடத்துக்கு முன் 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் போரில் காயம்பட்டவர். எப்போதோ ஆறிப்போன அந்தப் புண்கள் கப்பலில் மறுபடி திறந்துகொண்டன, கூடிப்போயிருந்த எலும்பு முறிவும் விட்டுப்போனது. முதன்முதலாக இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தழும்பு என்பது முடிந்துபோன வேலை என்றுதானே நினைக்கிறோம்? ஐம்பது வருடமாக அந்த இடத்தில் பழைய கயிறு அறுந்துகொண்டும் புதுக் கயிறு திரிந்துகொண்டும் இருந்திருக்கிறது. திரிப்பது நின்றதும் அறுப்பது மட்டும் மிஞ்சியது.

செம்பிக்கு அந்த ஆபத்து இல்லை. நாய்கள் வைட்டமின் சி-யைத் தங்கள் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன, மனிதர்கள் இழந்துவிட்ட வரம் அது. எலுமிச்சைச் சாறு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில், தேவையே இல்லை. ஆனால் கயிற்றுக்கு நார் வேண்டாமா? “முட்டை, கறி, மீன் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும்” என்று ஆபரேஷன் ஆன நாய்க்கு வெறும் தயிர் சோறு போடுகிறார்கள், நம் வீட்டு மனிதர்களுக்கும் இதே பத்தியம்தான். புரதம் குறைந்தால் கொலாஜன் குறையும், புண் ஆறுவது தள்ளிப்போகும். ஒத்துக்கொள்ளும் வழக்கமான சாப்பாட்டோடு அவித்த முட்டை, எலும்பில்லாத கோழி தாராளமாகக் கொடுங்கள். “நாய் நக்கினால் புண் ஆறும்” என்பதும் இப்படி ஒன்று. அதன் எச்சிலில் சில கிருமிகளைக் கொல்லும் பொருட்கள் இருப்பது உண்மைதான், ஆனால் அதே வாயில் வேறு கிருமிகளும் இருக்கின்றன, ஓயாமல் நக்கினால் புண் கிளறும், முன்பல்லோ தையலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடும். மஞ்சள், வேப்பெண்ணெய், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் திறந்த புண்ணில் வேண்டாம். கடைசியில் சொன்னது நுரைத்து நுரைத்து, கயிறு திரிக்க வந்த செல்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரையும் கூடாது, இபுப்ரோஃபென் மாதிரியானவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

பிரிந்த புண் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். திரிக்கும் செல்கள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டன, அதனால் சுத்தமான புண்ணை இந்தக் கட்டத்தில் மறுபடி தைத்தால் முதல் தடவையைவிட வேகமாகவே பலம் ஏறும். அழுக்கோ சீழோ இருந்தால் டாக்டர்கள் தைக்காமல் திறந்தே விட்டு ஆற வைப்பார்கள். அப்போது அடியிலிருந்து சிவந்த, பொடிப்பொடியான புதுச் சதை வளரும். செம்பியின் படத்தில் தெரிந்த சிவப்பு அதுதான். கயிறு திரித்த செல்களில் பல இப்போது தசை மாதிரிச் சுருங்கக் கற்றுக்கொண்டு நாலாபக்கமிருந்தும் தோலை நடுவே இழுக்கும். ஈ உட்கார்ந்தால் மாடு தோலை மட்டும் சிலிர்க்கிறதே, அது மாதிரித் தளர்ந்து நகரும் தோல் நாய்க்கும் உண்டு, அதனால் நமக்கு மாதக்கணக்கில் ஆறும் புண் அதற்குச் சீக்கிரம் மூடிவிடும். ஆனாலும் மூன்று வாரத்தில்கூட அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும், முழுசாக ஆறினாலும் 80 சதவீதத்தைத் தாண்டாது. தெரு நாய்க் கருத்தடைக்கு எத்தனை ஆபரேஷன் என்று எண்ணி ஒதுக்கும் பணத்தில், கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நாட்களுக்கும் தாராளமாக ஒதுக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். தெருவில் விட்ட பிறகு கழுத்துக் கூம்பு மாட்ட ஆள் கிடையாது, ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

செம்பிக்கு டாக்டர் மறுபடி தைக்கவில்லை. தினம் இரண்டு வேளை சலைனால் கழுவச் சொன்னார், கூம்பைக் கழற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார், கட்டில் காலில் குட்டைக் கயிறு. பதினேழாம் நாள் வந்த படத்தில் இரண்டு தையல் விட்ட இடத்தில் அரிசி நீளத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது, சுற்றிலும் மழித்த இடத்தில் செம்பட்டை ரோமம் முள் முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது.