எடை ஏறியிருக்கிறது, சரி. ஏறியது எது?

"வெயிட் ஏறியிருக்கு மேடம்" என்று சிரித்துக்கொண்டேதான் அந்த அம்மா உள்ளே வந்தார். பையனுக்கு ஆறு வயது. எட்டு மாதத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தான், கன்னம் பூசினாற்போல இருந்தது. கையை அளக்காமல் விட்டிருந்தால் நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டிருப்பேன்.

அவனுக்கு பிகேயு. முழுப்பெயர் பினைல்கீட்டோனூரியா. புரதத்தில் இருக்கும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் நொதி கல்லீரலில் சரியாக வேலை செய்யாது. தேங்கும் பினைல்அலனின் மூளையைக் கெடுக்கும். தலைமுடிக்குக் கறுப்பு தரும் மெலனின் டைரோசினிலிருந்து வருவதால், சில பிள்ளைகள் செம்பட்டை முடியோடு இருப்பார்கள். 'யார் சாயல் இது' என்று உறவில் பேச்சு கிளம்பும். அப்பா, அம்மா இருவர் வழியாகவும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டுகிற நம் ஊரில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

வைத்தியம் பெரும்பாலும் சாப்பாடுதான். ஒரு கிராம் புரதத்தில் சுமார் 50 மில்லிகிராம் பினைல்அலனின் இருக்கிறது. ஒரு முட்டை என்றால் 300. கடுமையான பிகேயு உள்ள பல குழந்தைகளுக்கு நாள் முழுவதற்கும் தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். பால், பருப்பு, இட்லி, மீன் எல்லாம் தட்டை விட்டுப் போய்விடும். அளந்து வைத்த சோறு, காய், அதோடு பினைல்அலனின் நீக்கிய அமினோ அமில மாவு. தசை வளரத் தேவையான புரதத்தில் பெரும்பங்கு அந்த மாவிலிருந்துதான் வரவேண்டும். அதன் வாடை இருக்கிறதே, நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளைக் குறை சொல்ல மாட்டேன்.

பசியை அடக்க மிஞ்சுவது ஜவ்வரிசிக் கஞ்சி, சர்க்கரை, நெய், பொரித்த ஜவ்வரிசி வடகம். புரதம் அநேகமாக இல்லை, கலோரி தாராளம்.

இனி அந்தக் கை. மேல்கையின் நடுவில் டேப்பைச் சுற்றினால் 19 செ.மீ. எட்டு மாதம் முன்பு 18. பின்பக்கத் தோலை மடித்து காலிப்பரில் பிடித்தால் 17 மி.மீ. முன்பு 12. தோல்மடிப்பைச் செ.மீ. ஆக்கி, 3.14 ஆல் பெருக்கிச் சுற்றளவில் கழித்தால் தசையின் கணக்கு வரும். முன்பு 14.2 செ.மீ., இப்போது 13.7. கை பருத்திருக்கிறது, உள்ளே தசை இளைத்திருக்கிறது.

100 மில்லி ரத்தத்தில் பினைல்அலனின் 8 மில்லிகிராம். இந்த வயதுக்கு 2 முதல் 6 வரை இருக்கலாம். வேறோர் இடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'சோற்றைப் பாதியாக்குங்கள்' என்றிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். மாவு போதாமலோ காய்ச்சலில் பட்டினி கிடந்தோ உடம்பு தன் தசையையே கரைக்கும்போது, அந்தத் தசையில் இருக்கும் பினைல்அலனினும் ரத்தத்தில்தான் வந்து விழும். வாயைக் கட்டக் கட்ட அளவு ஏறும்.

"மாவு எப்பம்மா குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ராத்திரி ஒரே தடவையா மேடம். ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க மூக்கைப் பொத்துதுங்களாம். பாதி சிங்க்குல போயிடும்."

அமினோ அமிலம் மட்டும் உள்ள மாவு சட்டென்று உறிஞ்சப்படும். மொத்தமாகக் குடித்தால் நிறைய எரிந்தே வீணாகும். அதனால் மூன்று வேளையாகப் பிரித்தோம். சாப்பாட்டோடு சேர்த்து, குளிரவைத்து, மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா. சோற்றில் கை வைக்கவில்லை. வடகம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாலையில் தெருவில் ஓடட்டும் என்றேன்.

பிகேயு குழந்தைகள் எல்லோருக்கும் கொழுப்பு கூடுமா? வெளிநாட்டு ஆய்வுகளே ஒரு குரலில் பேசவில்லை. சிலவற்றில் கொழுப்பு அதிகம், சிலவற்றில் மற்ற பிள்ளைகளைப் போலவேதான். ஆனால் உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கில் கொழுப்பும் தசையும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதில் சந்தேகமில்லை. எக்ஸ்ரே கொண்டு அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இரண்டையும் பிரித்துக் காட்டும். மின்சாரம் செலுத்தி அளக்கும் மெஷின் உடம்பின் நீரை வைத்துக் கணக்குப் போடுவதால், வாந்தி, வயிற்றுப்போக்கு நாட்களில் அதை நம்பாதீர்கள். எதுவும் கிடைக்காத ஊரிலும் டேப்பும் காலிப்பரும் போதும். அளப்பவர் ஒருவராகவே இருக்கட்டும், அதே கை, அதே இடம்.

நான்கு மாதம் கழித்து வந்தார்கள். எடை 200 கிராம்தான் கூடியிருந்தது, அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் டேப்பை எடுத்தேன். சுற்றளவு அதே 19. தோல்மடிப்பு 15. தசை 14.3.

அவருடைய நோட்டில் எடைக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுக் கொடுத்தேன்.