இரண்டு மாடலும் ஒரே தோட்டங்களைத்தான் பார்க்கின்றனவா?

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளின் விளைச்சல் கணக்கோடு ஓர் இளைஞர் குன்னூரில் என்னைப் பார்க்க வந்தார். ஏக்கருக்கு எத்தனை கிலோ பச்சைத் தேயிலை வரும் என்று கணிக்க இரண்டு மல்டிபிள் ரிக்ரஷன் மாடல்கள் (பல காரணிகளை வைத்து ஒன்றைக் கணிக்கும் சமன்பாடுகள்) போட்டிருந்தார். முதலாவதில் மழை, உரம், கவாத்து செய்து எத்தனை வருடம், தோட்டத்தின் உயரம். இரண்டாவதில் உயரத்துக்குப் பதில் மண்ணின் பிஹெச், அதாவது அமிலத்தன்மையின் அளவு. "ரெண்டாவதுக்கு ஏஐசி ரொம்பக் குறைவு சார், அதையே எடுத்துக்கலாமா?" என்றார். ஏஐசி என்பது மாடல்களை ஒப்பிட உதவும் ஓர் எண்; குறைவாக இருப்பதே நல்லது.

தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிஹெச் இருந்தால் நல்லது. மண் முக்கியம்தான். ஆனாலும் அவ்வளவு பெரிய வித்தியாசம் உறுத்தியது. எக்செல் தாளைத் திறந்து பார்த்தேன். பிஹெச் பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி.

காலிக் கட்டம் உள்ள வரியை, அவர் பயன்படுத்திய ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் முழுதாக விட்டுவிட்டு மீதியை வைத்து மாடல் போடும். அதை முடிவின் அடியில் ஒரு சின்ன வரியில் சொல்லவும் செய்யும். பலர் அதுவரை படிப்பதில்லை. ஏஐசி வரிக்கு வரி சேர்ந்து வரும் கூட்டுத்தொகையைச் சார்ந்தது. கிலோவில் அளக்கும் விளைச்சலில், வரிகள் குறைந்தாலே அதுவும் குறைந்துவிடும். மாடல் நன்றாக இருக்க வேண்டும் என்றே இல்லை.

விடுபட்டவை யாருடைய தோட்டங்கள் என்று கேட்டேன். சரிவில் அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள், மண் பரிசோதனைக்கே கொடுக்காதவர்கள். உரப் பரிந்துரை போகவிருந்ததே அவர்களுக்குத்தான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

சரி, எல்லாப் பத்தியும் நிரம்பிய வரிகளை மட்டும் தனியே எடுத்து, இரண்டு மாடலையும் அவற்றிலேயே மறுபடி ஓட்டினோம். ஏஐசி வித்தியாசம் 2-க்குள் வந்து நின்றது. அவ்வளவு குறைவென்றால் இரண்டையும் சமமாக வைப்பதே வழக்கம்.

அப்புறம், விளைச்சலை ஒன்றில் கிலோவாகவும் மற்றதில் லாகரிதமாகவும் வைத்திருந்தால் ஏஐசியை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரு மாடலின் மாறிகள் எல்லாம் மற்றதற்குள் அடங்கியிருந்தால், கூடுதல் மாறிகளால் உண்மையிலேயே பயன் உண்டா என்று பார்க்கும் எஃப் சோதனை போடலாம். இவருடையவை அப்படி இல்லை. விளைச்சலின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவை மாடல் விளக்குகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயரை நம்பவே வேண்டாம், எந்த மாறியைச் சேர்த்தாலும் அது குறையாது.

எந்த மாடலையும் அன்று தேர்ந்தெடுக்கவில்லை. விடுபட்ட தோட்டங்களின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு, மழை பிடிக்கும் முன்பே மண் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கோத்தகிரி பஸ் ஏறினார்.