ஏர் ஃபிரையரில் முட்டையை வேகவைப்பது காற்றா, தண்ணீரா?

புளிக்குழம்பு கொதித்து அடங்கும் வேளையில் முட்டையை ஓடுடைத்து அப்படியே ஊற்றி, கரண்டி போடாமல் மூடி வைக்கும் வழக்கம் கொங்கு நாட்டு வீடுகளுக்குப் புதிதன்று. உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு என்று நாம் சொல்வதும், நட்சத்திர விடுதிகளின் காலை உணவில் ‘போச்டு எக்’ என்ற பெயரில் தட்டுக்கு வருவதும் செய்முறையில் ஒன்றுதான்: ஓடில்லாத முட்டை, தளதளவென்று கொதிக்காத சூடான நீர்மத்தில், கலங்காமல் வேக வேண்டும். அந்த வேலையை இப்போது ஏர் ஃபிரையரிடம் ஒப்படைக்கிறார்கள். சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் நான்கு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 60 மில்லிலிட்டர், கொதிநீர் ஊற்றி, அதில் ஒரு முட்டையை உடைத்து விட்டு, 180 டிகிரி செல்சியஸில் ஐந்து அல்லது ஆறு நிமிடம் வைத்தால் முட்டை வெந்துவிடுகிறது. பொரிப்பதற்கென்று பெயர் வைத்த கருவிக்குள் இது எப்படி நடக்கிறது?

முதலில் முட்டையைப் பார்ப்போம். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். நூல்கண்டுபோல் சுருண்டு கிடக்கும் புரத மூலக்கூறுகள் சூடேறும்போது பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இடையில் தண்ணீரைச் சிறைப்பிடிக்கின்றன. அதுவே நாம் காணும் வெண்மையான கெட்டிப்பு. எல்லாப் புரதமும் ஒரே சூட்டில் கெட்டிப்படுவதில்லை. ஓவோட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் 61 டிகிரியை ஒட்டியே கெட்டிப்படத் தொடங்குகிறது. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் முழுதாக இறுக 80 டிகிரி வரை வேண்டும். மஞ்சள்கருவோ 65 டிகிரியில் குழைந்து 70 டிகிரியில் இறுகிவிடும். வெள்ளை வெந்து, மஞ்சள் வழிய வேண்டுமானால், வெளிப்புறம் முந்தி உட்புறம் பிந்தும் அந்தச் சில நிமிட இடைவெளிக்குள் முட்டையை எடுத்துவிட வேண்டும். கோவை, ஈரோடு பக்கத்துக் கடைகளில் கலக்கி போடுபவருக்கும் இதே கணக்குதான். கல்லின் சூடு மிகுதி என்பதால் அவருக்குக் கிடைப்பது நொடிகள், தண்ணீரில் வேகவைப்பவருக்குக் கிடைப்பது நிமிடங்கள்.

ஏர் ஃபிரையர் என்பது உண்மையில் ஒரு குட்டி ‘அவன்’ அடுப்பு. மேலே மின்கம்பிச் சுருள், அதன்மேல் ஒரு விசிறி. சூடான காற்று கூடைக்குள் இறங்கிச் சுழன்று மீண்டும் மேலேறுகிறது. ஆனால் 180 டிகிரி என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டியதில்லை. தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று சூட்டைக் கடத்துவதில் மிகவும் சோம்பேறி. அதன் வெப்பக் கடத்துதிறன் தண்ணீருடையதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சூடேறிய ‘அவன்’ அடுப்புக்குள் ஒரு கணம் கையை நீட்டி எடுக்கலாம்; அதைவிடச் சூடு குறைந்த கொதிநீரில் விரல் நுனி பட்டாலே கொப்பளித்துவிடும். ஆகவே முட்டையைச் சூழ்ந்திருக்கும் தண்ணீர்தான் அதை வேகவைக்கிறது. காற்றின் பங்கு அந்தத் தண்ணீர் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வது.

இதை ஒரு சிறு கணக்கால் சரிபார்க்கலாம். கோவை கடல்மட்டத்துக்குச் சுமார் 410 மீட்டர் மேலே இருப்பதால், அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு ஒன்றரை டிகிரி முன்பாகவே கொதித்துவிடும்; 98 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் 60 மில்லிலிட்டர் தண்ணீர், 28 டிகிரி அறைச்சூட்டில் 50 கிராம் முட்டை, 60 கிராம் கிண்ணம்: மூன்றும் வெப்பத்தைப் பகிர்ந்துகொண்டால் 67 டிகிரி அளவில் வந்து நிற்கும். வெள்ளைக்கரு உறையத் தொடங்க அது போதும். அதே முட்டை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து 5 டிகிரியில் வந்திருந்தால், பகிர்வு 59 டிகிரியிலேயே முடிந்துவிடும். வெள்ளைக்கரு உறையும் வாசலைக்கூட எட்டாது. “அஞ்சு நிமிசம் வெச்சும் கொழகொழன்னு இருக்குதுங்க” என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் கருவி அன்று. பெட்டியிலிருந்து நேராக வந்த முட்டை, அல்லது குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர்.

இனி விசிறிக்கு வருவோம். 180 டிகிரிக் காற்று இடைவிடாமல் மேலே வீசும்போது கிண்ணத்துத் தண்ணீர் ஏன் கொதித்துக் குமிழிடுவதில்லை? ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில், பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் கொடியில் போட்ட ஈரத்துணி எவ்வளவு விரைவில் உலர்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். நீர்ப்பரப்பின் மேல் தேங்கும் ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகப் போக, தண்ணீர் மேலும் ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீரைக் குளிரவைக்கும் விதி இதுவே. இங்கே அது தண்ணீரைக் குளிரவைப்பதில்லை. கொதிநிலைக்குக் கீழே கட்டி வைக்கிறது. காற்று கொடுக்கும் சூட்டில் பெரும்பங்கை ஆவி பறித்துக்கொள்வதால் குமிழ் எழுவதில்லை. குமிழ் எழாததால் வெள்ளைக்கரு இழை இழையாகப் பிரிவதில்லை. அடுப்பில் பாத்திரம் வைத்துச் செய்பவர் தீயைக் கூட்டியும் குறைத்தும் பாடுபட்டுப் பெறும் அமைதி இங்கே தானாக அமைகிறது என்பதே, என் பார்வையில், இந்த முறையின் ஒரே உண்மையான சிறப்பு.

முட்டையின் மேற்புறம் தண்ணீருக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கதை மாறும். ஈரம் இருக்கும்வரை அந்த இடமும் சூடு கட்டுக்குள் இருக்கும். உலர்ந்த கணத்திலிருந்து காற்றின் சூடு நேராகத் தாக்க, தோல்போல் தடித்துவிடும். ஆகையால் முட்டை மூழ்கும் அளவுக்கு அகலம் குறைந்த கிண்ணமே தகுந்தது. அலுமினியத் தாளால் மூடலாமே என்று தோன்றும். தளர்வான தாளை விசிறி தூக்கிச் சென்று மின்சுருளில் ஒட்டவைக்கும் ஆபத்து இருப்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழம்பில் புளி செய்யும் வேலையை மேற்கத்தியர் வினிகரால் செய்துகொள்கிறார்கள். வெள்ளைக்கருப் புரதங்களில் பெரும்பாலானவை எதிர்மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலம் அந்த விலக்கத்தைத் தணிப்பதால் அவை விரைவில் கூடுகின்றன. கிண்ணமே முட்டைக்கு வடிவம் தந்துவிடுவதால் ஏர் ஃபிரையரில் வினிகர் தேவையில்லை. ஆனால் முட்டை புதிதாக இருக்க வேண்டும். ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு கசியக் கசிய, வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறி, கெட்டியான பகுதி நீர்த்துப்போகிறது. நாமக்கல் பண்ணைகள் பக்கத்திலேயே இருப்பது நமக்கு வாய்ப்பு. ஐயமிருந்தால் ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம்: புதியது படுத்துக்கிடக்கும், நாள்பட்டது நட்டுக்கொண்டு நிற்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு மட்டும் மஞ்சள்கரு இறுகும்வரை வேகவைப்பது நல்லது. சால்மோனெல்லா கிருமி வழியும் மஞ்சளில் பிழைத்திருக்கக்கூடும்.

நேரம் முடிந்ததும் உடனே துளைக்கரண்டியால் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் சூடான நீரிலும் கிண்ணத்திலும் வேக்காடு தொடரும். எடுத்தபின் கிண்ணத்தில் எஞ்சிய தண்ணீரை அளந்து பாருங்கள். 10 மில்லிலிட்டர் குறைந்திருந்தால், ஆவியோடு போன வெப்பம் 22 கிலோஜூலுக்கு மேல். 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏற அந்த முட்டை எடுத்துக்கொண்டதோ சுமார் 6 கிலோஜூல்தான்.