தலையை நசுக்கும் இரண்டு விரல்கள்

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஒன்பது வயது மகன் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எதிர்ப்பக்கம் நடந்து போகிறவர்களின் தலையைப் பிடித்து நசுக்குகிறானாம். பழைய கனடிய நகைச்சுவை ஒன்றை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்ட விளையாட்டு. "ரெண்டு கண்ணையும் திறந்தா தலை ஏன் விரலுக்குள்ள மாட்ட மாட்டேங்குது?" என்று அவன் கேட்டதற்கு இவரால் பதில் சொல்ல முடியவில்லை. அருமையான கேள்வி. பதில் சொல்ல அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த நிகழ்ச்சியைச் செய்த தி கிட்ஸ் இன் த ஹால் என்பது டொராண்டோவில் உருவான ஐவர் நகைச்சுவைக் குழு: டேவ் ஃபோலி, புரூஸ் மெக்குல்லக், கெவின் மெக்டொனால்ட், மார்க் மெக்கின்னி, ஸ்காட் தாம்சன். எண்பதுகளில் குயின் தெருவில் இருக்கும் ரிவோலி என்ற கிளப்பில் மேடையேறிக்கொண்டிருந்தவர்கள். டொராண்டோவில் பிறந்து நியூயார்க்கில் சாட்டர்டே நைட் லைவ் என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை உருவாக்கிய லோர்ன் மைக்கேல்ஸ் கைகொடுக்க, 1989 முதல் 1995 வரை கனடாவின் பொதுப்பணத்தில் நடக்கும் சிபிசி தொலைக்காட்சியில் ஓடினார்கள். கனடிய நகைச்சுவைக்கு அது பொற்காலம். ஸ்கார்பரோ பையன் மைக் மையர்ஸும் நியூமார்க்கெட்டில் பிறந்த ஜிம் கேரியும் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தார்கள். ஹாமில்டனில் 1991-ல் ரெட் கிரீன் நிகழ்ச்சி தொடங்கியது, 1993-ல் ஹாலிஃபாக்ஸிலிருந்து திஸ் அவர் ஹேஸ் 22 மினிட்ஸ் என்ற நிகழ்ச்சி வந்தது. சரி, நம் விஷயம் மெக்கின்னி நடித்த ஒரே ஒரு பாத்திரம், மிஸ்டர் டைசிக்.

உலகத்தின் மேல் ஏதோ தீராத கசப்போடு இருக்கும் மனிதர் இந்த டைசிக். எங்காவது உட்கார்ந்துகொள்வார், தூரத்தில் போகிறவரைப் பார்ப்பார், ஒரு கண்ணை இடுக்கி இரண்டு விரல்களை நீட்டி, "உன் தலையை நசுக்குகிறேன்!" என்று விநோதமான உச்சரிப்பில் சொல்லிக்கொண்டே நசுக்குவார். உடனே கேமரா அவர் கண்ணாக மாறும். திரை முழுக்க இரண்டு விரல்கள், நடுவே ஒரு சின்னத் தலை. இவ்வளவுதான் காட்சி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வடிவியல் இவ்வளவு சுத்தமாக நகைச்சுவையாக மாறிய இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

கணக்கு பள்ளிக்கூடத்து வடிவொத்த முக்கோணம்தான். கண்ணிலிருந்து விரல் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, விரல்களுக்கு நடுவே இடைவெளி 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதில் ஒரு பங்கு. ஒருவருடைய தலை, தாடையிலிருந்து உச்சிவரை சுமார் 23 சென்டிமீட்டர். அதை முப்பதால் பெருக்கினால் ஏறத்தாழ 7 மீட்டர். அதாவது 7 மீட்டர் தூரத்தில் நிற்பவரின் தலை அந்த இடைவெளியில் கச்சிதமாக உட்காரும். கண்ணுக்குப் போய்ச் சேருவது கோணம் மட்டுமே. விழித்திரையைப் பொறுத்தவரை விரலிடுக்கு, தலை இரண்டும் கிட்டத்தட்ட 2 டிகிரிதான்.

இப்போது பையனின் கேள்வி. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இருக்கிறது. வலது கண்ணுக்குச் சரியாக விரலிடுக்கில் தெரியும் தலை, இடது கண்ணுக்கு விரலை விட்டு எங்கோ தள்ளி நிற்கும். எவ்வளவு தள்ளி? 60 சென்டிமீட்டரில் இருக்கும் விரலை இரண்டு கண்களும் பார்க்கும் திசைகளுக்கு இடையே ஏறத்தாழ 6 டிகிரி வித்தியாசம். 7 மீட்டரில் இருக்கும் தலைக்கோ அரை டிகிரிதான். கழித்தால் ஐந்தரை டிகிரி. விரலிடுக்கின் அகலமே 2 டிகிரிதானே, அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு விலகல்! தலையை உற்றுப் பார்த்தால் விரல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து ஆவி மாதிரித் தெரியும், விரலைப் பார்த்தால் தலை இரண்டாகும். பள்ளி ஆய்வகத்தில் ஸ்கேலைச் சாய்வாகப் பார்த்து அளந்தால் ஆசிரியர் திட்டுவாரே, பார்க்கும் இடம் மாறினால் பொருளும் நகர்ந்த மாதிரித் தெரியும் அதே இடமாறு தோற்றம்தான் இது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கண்ணை வெறும் 2 சென்டிமீட்டர் நகர்த்தினாலே தலை இடுக்கிலிருந்து நழுவிவிடும் என்றால், தலையை நசுக்கும் இடம் இந்த உலகத்திலேயே ஒரு புளியங்கொட்டை அளவுதான். டைசிக்கின் ஒரு கண் இருக்கும் அந்தப் புள்ளி. இதே குழு ரிவோலியில் மேடையில் நின்று இதைச் செய்திருந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்குக்கூட தலை விரலுக்குள் மாட்டியிருக்காது, யாரோ ஒரு ஆள் காற்றைக் கிள்ளுவதாகத்தான் தெரிந்திருக்கும். கேமராவுக்கோ ஒற்றைக் கண். அது அந்தப் புளியங்கொட்டை இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நாடு முழுக்க நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் அதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. மேடையிலிருந்து வந்தவர்கள் மேடையில் செய்யவே முடியாத ஒரு நகைச்சுவையைக் கண்டுபிடித்தார்கள்!

இன்னொரு சிக்கலும் உண்டு. விரல் பக்கத்தில், தலை தூரத்தில். ஒன்றில் குவியம் வைத்தால் மற்றது மங்கும். கேமராவில் அகலக் கோண லென்சைப் போட்டு, துளையைச் சின்னதாக்கினால் இரண்டும் தெளிவாக விழும், ஆனால் துளை சின்னதானால் நிறைய வெளிச்சம் வேண்டும். நம் கண்ணிலும் அப்படியே. நல்ல வெயிலில் கண்ணின் துளையான பாவை சுருங்குவதால் பையன் பட்டப்பகலில் நசுக்கினால் சாயங்காலத்தைவிட நன்றாகவே நசுங்கும். இன்றைய செல்போன் கேமராவில் லென்சும் சென்சாரும் குட்டியாக இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு, அதனால்தான் தாஜ்மகாலின் உச்சியைக் கிள்ளிப் பிடித்து எல்லோராலும் சுலபமாகப் படம் எடுக்க முடிகிறது.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது? நடந்து போகிறவர் தூரத்தில் இருந்தாலும் அவரை நாம் பொம்மையாக நினைப்பதில்லை. தூரத்தைக் கணக்கில் சேர்த்து, "இது முழு அளவு ஆள்" என்று மூளை நம்மைக் கேட்காமலே திருத்திக்கொள்கிறது. டைசிக் அந்தத் திருத்தத்தைப் பிடிவாதமாக ஏற்க மறுக்கும் மனிதர். விழித்திரை சொல்வதை அப்படியே நம்புகிறார். மூளை ஒன்று சொல்ல, திரை வேறொன்று காட்ட, இரண்டும் மோதுகிற இடத்தில் சிரிப்பு பிறக்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டு கண்களின் செய்திகள் மூளையில் எங்கே சேர்கின்றன என்று கண்டுபிடித்ததிலும் ஒரு கனடியருக்குப் பங்குண்டு. டேவிட் ஹியூபெல், 1926-ல் ஒன்டாரியோவின் விண்ட்சரில் பிறந்து மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். அமெரிக்காவில் டார்ஸ்டன் வீசலோடு சேர்ந்து பூனைகளுக்குப் புள்ளி புள்ளியாகப் படம் காட்டி, மூளையின் பார்வைப் பகுதியில் செல்களின் மின்துடிப்பை ஒலியாக மாற்றி, ஒவ்வொரு செல்லாகக் காது கொடுத்துக் கேட்டார். ஒருநாள் புள்ளி இருந்த கண்ணாடிச் சில்லை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் நகர்ந்ததும் ஒரு செல் படபடவென்று பொரிந்தது. புள்ளிக்கு அல்ல, கோட்டுக்கு! இரண்டு கண்களுக்கும் பதில் சொல்லும் செல்களையும் அவர்கள் கண்டார்கள். பூனை குட்டியாக இருக்கும்போது ஒரு கண்ணை மூடி வைத்தால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடுகிறது என்பதையும் காட்டினார்கள். 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைகளின் மாறுகண்ணை ஏன் சீக்கிரமே கவனிக்க வேண்டும் என்பதற்கு அடிப்படை இந்த ஆராய்ச்சிதான். நம் ஊரில் இன்னும் மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் குழந்தையை டாக்டரிடம் காட்டாமல் வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன், மனது பதறுகிறது. தயவுசெய்து காட்டுங்கள், ஏழெட்டு வயதைத் தாண்டினால் அந்தக் கண்ணை மீட்பது கஷ்டம்.

பூனைக்குப் படம் காட்ட எதற்குப் பணம் என்று அப்போது யாராவது கேட்டு நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்? தொண்ணூறுகளின் நடுவில் கனடிய அரசு சிபிசி-க்குக் கொடுக்கும் நிதியை வெட்டியது. காற்றைக் கிள்ளும் ஒரு ஆளைப் படம் பிடிக்கவும், பூனையின் மூளையைக் கேட்கவும், பலன் என்ன என்று முன்கூட்டியே கேட்காத பொதுப்பணம் வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம், அந்தப் பையனுக்கு ஒரு வேலை. பௌர்ணமி அன்று நிலா எழும்போது, கையை நீட்டி நிலாவை விரலிடுக்கில் பிடித்து, இடைவெளியை அப்பா ஸ்கேலால் அளக்கட்டும். கை 60 சென்டிமீட்டர் என்றால் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். நள்ளிரவில் நிலா உச்சிக்கு வந்து சின்னதாகத் தெரியும்போது மறுபடி எழுப்பி அளக்கச் சொல்லுங்கள். அதே அரை சென்டிமீட்டர்தான் இருக்கும்.