தண்ணீர்மலை இறங்கியும் ஓயாத மேளம்

"பினாங்கு தண்ணீர்மலையில் தைப்பூசம் முடிந்து மூன்று நாளாகிவிட்டது. என் தம்பிக்குக் காதில் இன்னும் 'கொய்ங்' என்று இரைகிறதாம். உறுமி மேளக் குழுவில் அடிக்கிறான். போகப்போகப் பழகிவிடும் என்று குழுவின் மூத்த அண்ணன்கள் சொல்கிறார்களாம். உண்மையா சார்?" என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அண்ணன்கள் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொல்கிறார்கள்: வருஷா வருஷம் இரைகிறது, சில நாளில் அடங்குகிறது, மறுபடி எல்லாம் கேட்கிறது. ஆனால் இரைச்சல் அடங்கியதும் காது பழையபடி ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. அதைப் புரிந்துகொள்ளக் காதுக்குள் கொஞ்ச தூரம் போக வேண்டும். எனக்கும் அங்கே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

பள்ளியில் படித்த பாதையை ஓடியே கடந்துவிடலாம். ஒலி செவிப்பறையை அசைக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் அந்த அசைவை உள்ளே தள்ளுகின்றன. நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவில் திரவம் ஆடுகிறது. சுருளை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நீளத்துக்கும் ஒரு சவ்வு. வாசல் பக்கம் கீச்சு ஒலிக்கும், உச்சிப் பக்கம் உறுமியின் அடித்தொண்டைக்கும் அசையும். சவ்வின் மேல் ரோமச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உள்வரிசையில் ஏறத்தாழ 3,500, வெளிவரிசைகளில் 12,000. மூளைக்குச் சேதி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசைதான். அப்படியானால் வெளியே நிற்கும் அத்தனை பேருக்கும் என்ன வேலை?

ஒரு வீணையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து மீட்டினால் என்ன ஆகும்? 'டொக்' என்று நாதம் அங்கேயே செத்துவிடும். காக்ளியாவின் சவ்வும் திரவத்துக்குள்தான் கிடக்கிறது. அப்புறம் எப்படி ஒரு சுருதியையும் மயிரிழை விலகிய இன்னொன்றையும் பிரித்துக் கேட்கிறோம்? போர்க்காலத்தில் ரேடார் வேலை பார்த்த தாமஸ் கோல்ட் என்ற இயற்பியலாளர், காதுக்குள் சக்தி ஊட்டும் பெருக்கி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று 1948இல் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காக்ளியாவில் அலை ஓடுவதை அளந்து 1961இல் நோபல் பரிசு பெற்ற கியார்க் வான் பெக்கெஷி, இறந்தவர்களின் காதுகளில் அளந்திருந்தார். உயிர் போன காதில் பெருக்கி எப்படி ஓடும்?

அந்தப் பெருக்கி உண்மையானால், பந்தலில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊளையிடுகிறதே, அதுபோலக் காதும் சில வேளை தானாக ஒலி எழுப்ப வேண்டும் என்பது கோல்டின் கணிப்பு. முப்பது வருஷம் கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் காதுத் துளையில் ஒரு சின்ன மைக்கை வைத்துக் கேட்டார். காது ஒலி எழுப்பத்தான் செய்தது! பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று இன்று பல மருத்துவமனைகளில் சோதிப்பது இந்த ஒலியை வைத்துத்தான்.

பெருக்கி யார் என்பது 1985இல் தெளிவானது. வெளி ரோமச் செல்லுக்கு மின்சாரம் கொடுத்தால் அது குட்டையாகிறது, நெட்டையாகிறது என்று வில்லியம் பிரவுனெல் காட்டினார். பிரிட்டனில் ஜானதன் ஆஷ்மோர் ஒரு படி மேலே போய், ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டையே மின்னலையாக்கி ஒற்றைச் செல்லுக்குக் கொடுத்துப் படம் பிடித்தார். நுண்ணோக்கிக்கு அடியில் அந்தச் செல் தாளத்துக்கு எம்பி எம்பிக் குதிக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆட்டம் நடக்கும் விதம் இது. செல்லின் தலையில் ரோமங்கள் படிக்கட்டுப்போல் உயர வரிசையில் நிற்கின்றன. குட்டை ரோமத்தின் நுனியிலிருந்து பக்கத்து நெட்டை ரோமத்துக்கு ஒரு நுண்ணிழை. அலை வந்து ரோமங்கள் சாய்ந்தால் இழை இழுபட்டு ஒரு கதவு திறக்கும். வெளியே சுமார் 80 மில்லிவோல்ட்டில் காத்திருக்கும் திரவத்திலிருந்து பொட்டாசியம் உள்ளே பாயும். செல்லின் மின்னழுத்தம் மாறும். செல்லின் பக்கச் சுவர் முழுக்க ஒரு புரதம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. மின்னழுத்தம் மாறியதும் அது உடம்பைச் சுருக்கும், விரிக்கும். தசையைப்போல் எரிபொருளைக் கரைத்து இயங்கினால் இந்த வேகம் வராது. இது நேராக மின்னழுத்தத்திலேயே ஓடுகிறது, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல், சவ்வு ஆடும் கணத்திலேயே அதை உந்திவிடுகிறது. மெல்லிய ஒலிக்குத்தான் இந்தத் தள்ளு நிறையக் கிடைக்கும். பெரிய ஒலிக்குத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் இந்தப் புரதத்தைப் பிடித்தவர்கள், துரித காலத்தைக் குறிக்கும் 'பிரெஸ்டோ' என்ற இத்தாலிய இசைச் சொல்லிலிருந்து 'பிரெஸ்டின்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல ரசிகர்கள்.

இப்போது தம்பியிடம் வருவோம். பெரிய சத்தம் வந்தால் அங்கவடியைப் பிடித்து இழுத்து அடக்க ஒரு தசை இருக்கிறது. எலும்போடு ஒட்டிய தசைகளில் உடம்பிலேயே மிகச் சிறியது. ஆனால் அது விழித்துக்கொள்ளவே சில பத்து மில்லிவிநாடி ஆகும். தோலில் குச்சி விழுந்த அடி அதற்குள் உள்ளே போயிருக்கும். மணிக்கணக்கில் இப்படி அடி வாங்கினால் நுண்ணிழைகள் அறுகின்றன. ஓரிரு நாளில் அவை மறுபடி ஒட்டிக்கொள்ளும். அண்ணன்கள் 'பழகிவிட்டது' என்று நினைப்பதில் ஒரு பங்கு இந்த ஒட்டுவேலை. செல்லே செத்தால் ஒட்டுவேலை கிடையாது. முதலில் சாவதும் அந்த வெளிவரிசை ஆட்டக்காரர்கள்தான். இன்னொன்றும் உண்டு. 2009இல் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபெல் சத்தத்தில் வைத்தார்கள். எலிகளுக்குக் கேள்திறன் திரும்பி வந்தது, செல்களும் உயிரோடு இருந்தன. ஆனால் செல்லும் நரம்பும் சேரும் முடிச்சுகளில் ஏறக்குறைய பாதியைச் சில இடங்களில் காணோம். மனிதரிடம் இது எந்த அளவு நடக்கிறது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிவரிசை குறைந்தால் சத்தம் குறைவதோடு நிற்காது, கூர்மையும் மழுங்கும். சிலருக்கு ஒரே சுரம் இரண்டு காதிலும் இரண்டு சுருதியாகக் கேட்கும். நாதஸ்வரக்காரருக்கு அது நடந்தால் சீவாளியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

நம் மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள்படி எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரத்தோடு சரி. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வார நாளில் காதடைப்பான் மாட்டிக்கொள்ளும் பையனே, சனிக்கிழமை கல்யாணத்தில் வெறுங்காதோடு உறுமி அடிக்கிறான். லண்டன் ராயல் ஆப்பரா ஹவுசில் டிரம்பெட்டுகளுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டுக் காது கெட்ட வயோலாக் கலைஞர் ஒருவர் வழக்குப் போட்டு 2018இல் வென்றார். இசையும் வேலைதான் என்பது நீதிமன்றத்துக்குப் புரிந்தது.

நம் வீடுகளில் காது இரைந்தால் யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்போம், இல்லையென்றால் நல்லெண்ணெயைச் சுடவைப்போம். எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது. கண்ணூறு கழிக்க வேண்டுமென்றால் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியே கேள்திறன் சோதனைக்கும் அழைத்துப்போங்கள். ஒரு பக்கக் காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே. கோழிக்குச் செத்த ரோமச் செல் மறுபடி முளைக்கிறது; 1980களிலேயே தெரிந்த விஷயம். நமக்கு ஏன் முளைப்பதில்லை என்று தேடுவதற்கு இன்னும் நிறையப் பணம் வேண்டும் என்பேன். அதுவரைக்கும், பந்தலுக்கு ஆளுயர ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கிறவர்கள் அதில் ஒரு பெட்டியைக் குறைத்தால் மேளக்காரர்களுக்கெல்லாம் காதடைப்பான் வாங்கலாம்.

தம்பி மறுப்பார் என்று தெரியும். கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் கீச்சு ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் மேளம் போர்வைக்குள் அடிப்பதுபோல் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்த அடைப்பான், கனத்த ஒலி, கூர்த்த ஒலி இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபெல்போல், இறக்கும். தாளக்கட்டு அப்படியே இருக்கும். மேலோட்டமாகச் சொருகினால் சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் முழங்கும், ஆழமாகப் பொருத்தினால் அது குறையும். தண்ணீர்மலை அடிவாரத்தில் முதல் தடவை மாட்ட வேண்டாம். ஒத்திகையில் ஒரு மாதம் மாட்டிப் பழகட்டும்.