முக்கோணத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பொருட்களின் மேல் அச்சாகும் சுற்றுச்சூழல் வாசகங்களுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது என் வேலை. என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இருக்கும் அம்புக்குறி முக்கோணத்தைப் பற்றித்தான். அதைப் பார்த்ததும் ‘இது மறுசுழற்சி ஆகும்’ என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண், அது எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த குறியீடு அது. எண் 1 பெட் (PET), தண்ணீர் பாட்டில்கள் செய்யும் பிளாஸ்டிக். அது பரவலாக மறுசுழற்சிக்குப் போகிறது. எண் 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோல் செய்யும் பிளாஸ்டிக். அதை எடுத்துக்கொள்ளும் ஆலைகள் குறைவு. ஆனால் இரண்டுக்கும் ஒரே முக்கோணம்! 2013-ல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் போட வேண்டும் என்று இந்தக் குறியீட்டுக்கான தரவிதியைத் திருத்தினார்கள். அம்பு போட்ட பாட்டில்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது ‘மக்கும்’ என்ற வாசகம். எங்கே, எத்தனை நாளில் மக்கும்? உரமாகும் பைகளுக்கான ஐரோப்பியத் தரவிதி இ.என். 13432, 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்கிறது. அந்தச் சோதனை நடப்பது சுமார் 58 டிகிரி வெப்பத்தில். அந்தச் சூடு பெரிய உர ஆலையில் கிடைக்கும், தெருவோரத்திலும் கடலிலும் கிடைக்காது. பையில் வெறுமனே ‘மக்கும்’ என்று போட்டிருந்தால், அதை நம்பி வெளியே வீசிவிடாதீர்கள்.

அப்புறம், ஒரு ஷாம்பு பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘100% மறுசுழற்சி பிளாஸ்டிக்’. பக்கத்திலேயே ஒரு சிறு நட்சத்திரக்குறி. அதன் விளக்கம் பின்பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் இருக்கும்: ‘மூடி, லேபிள் நீங்கலாக.’ பொய் இல்லை, சரி. ஆனால் முதல் பார்வையில் நீங்கள் புரிந்துகொண்டது அதுவல்லவே! இந்த நட்சத்திரக்குறிதான் எனக்குப் பெரிய கவலை.

‘பசுமை’, ‘இயற்கைக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. நிறுவனங்கள் தாங்களே சொல்லிக்கொள்ளும் வாசகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 14021 என்ற சர்வதேசத் தரவிதியும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

வெளி அமைப்பு சோதித்துத் தரும் முத்திரைகள் வேறு ரகம். ஜெர்மனியின் ‘நீல தேவதை’ 1978-லிருந்து இருக்கிறது. இவற்றில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனித்தனி நிபந்தனைகள் உண்டு, அவை எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. என் நம்பிக்கை இவற்றின் பக்கம்தான்.

முத்திரை இல்லாத பொருளா? அட்டையில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு எழுதி, அந்த வாசகத்துக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். கேட்பவருக்கு ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்பதும் அதே 14021-ல் இருக்கிறது. வாசகத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் மழுப்ப முடியாது.