ஒரு டம்ளர் பெட்ரோலும் ஒரு ஹைபிரிட் எஸ்யூவியும்

மைலேஜ் வரவில்லை என்று போன வாரம் என் பட்டறைக்கு வந்த வண்டி இந்த வருடத்தில் எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் எஸ்யூவி, இரண்டு வயது, 38,000 கிலோமீட்டர் ஓடியது. சாவியை மேஜையில் வைத்த கையோடு ஓனர் சொன்னார்: "பேட்டரி போயிடுச்சு சார், மாத்தணும்." எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் லிட்டருக்கு 17 சொல்றான். எனக்கு 12 தாண்ட மாட்டேங்குது. இன்னொரு இடத்துல காட்டினேன், பேட்டரிதான்னு சொல்லிட்டாங்க."

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டேன். பேட்டரியின் பிளாக்குகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜில் நின்றன. கோளாறைச் சொல்லும் ஃபால்ட் கோட் ஒன்றுகூட இல்லை. வெளியே வந்து வண்டியைச் சுற்றி நடந்தேன். கூரைமேல் ஓர் ஆள் படுக்கலாம், அந்த அளவுக்கு லக்கேஜ் பெட்டி. எப்போதும் இருக்குமா என்றால், "கழட்டி மாட்டறது தொல்லை சார், அப்படியே விட்டுட்டேன்." ஹைவே எத்தனை நாள்? "தினமும்தான். 120ல போனாத்தான் நேரத்துக்குச் சேர முடியும்."

அவருக்குத் தேவைப்பட்டது பெட்டியின் போல்ட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர். அவர் மாற்றச் சொன்னது, வண்டியிலேயே விலை அதிகமான பாகங்களில் ஒன்றை. எங்கள் தொழிலிலும் சிலர் இருக்கிறார்கள். மைலேஜ் குறைவு என்று ஆள் வந்து நின்றாலே பேட்டரிக்குக் கொட்டேஷன் போட்டுவிடுவார்கள். ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் காட்டாமல் பேட்டரி போச்சு என்று யார் சொன்னாலும், தயவுசெய்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது வேறு. ஹைபிரிட் பேட்டரியை மக்கள் இரண்டாவது டேங்க் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு டேங்க்கில் பெட்ரோல், இன்னொன்றில் கரண்ட், இரண்டையும் கூட்டினால் மைலேஜ் என்று ஒரு மனக்கணக்கு. ஒயர் போட்டு சார்ஜ் செய்யாத சாதாரண ஹைபிரிட்டில் பேட்டரிக்குள் போகும் ஒவ்வொரு துளி மின்சாரமும் நீங்கள் பங்க்கில் ஊற்றிய பெட்ரோலிலிருந்து வந்ததுதான். வேறு வழியே கிடையாது. பிரேக் போடும்போது சார்ஜ் ஆகிறதே என்பார்கள். சரி, பிரேக் போட்டு நிறுத்தும் அளவுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது? பெட்ரோல் கொடுத்தது. வீணாகிச் சூடாகப் போக இருந்ததில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தப் பேட்டரி எவ்வளவு பெரியது என்றும் பார்ப்போம். இந்த வகை எஸ்யூவிகளில் ஒன்றிலிருந்து இரண்டு யூனிட்டுக்குள் இருக்கும். அதிலும் முழுவதையும் பயன்படுத்த வண்டி விடாது. ஆயுள் கெடக்கூடாது என்று பொதுவாக 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒன்றரை யூனிட் பேட்டரி என்றால் கைக்கு வருவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் ஆற்றல் உண்டு. நல்ல ஹைபிரிட் இன்ஜின் அதில் மூன்றிலிருந்து மூன்றரை யூனிட் வரை வேலையாக மாற்றும். வகுத்துப் பாருங்கள். பேட்டரியில் இருக்கும் மொத்தச் சரக்கும் ஒரு டம்ளர் பெட்ரோல் செய்கிற வேலைதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டு மூன்று நிமிடத்துக்குத் தாங்கும். நான் வாடிக்கையாளர்களிடம் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டித்தான் சொல்கிறேன். அப்படியும் அடுத்த வாரம் போன் வருகிறது, "பேட்டரி பார் ரெண்டு கம்மியா இருக்கு சார்" என்று. ஏறும், இறங்கும். அதன் வேலையே அது.

பின்னே ஹைபிரிட்டில் லாபம் எங்கே? நின்று நின்று போகும் இடத்தில். சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும், ஊர்ந்து போகும்போது மோட்டார் தள்ளும், பிரேக்கில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், இன்ஜின் வேலை செய்யும் நேரமெல்லாம் தனக்குச் சௌகரியமான சுமையில் ஓடும். நாலும் சேர்ந்து நகரத்தில்தான் பலிக்கும். ஹைவேயில் ஒரே வேகத்தில் போகிறவனுக்குத் திரும்பப் பிடிக்க என்ன இருக்கிறது?

எண்ணாகவே பாருங்கள். 2025 மாடல் டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டுக்கு அமெரிக்க அரசின் சோதனை எண், கேலனுக்கு நகரத்தில் 41 மைல், ஹைவேயில் 38. நம் கணக்கில் லிட்டருக்கு 17.4, 16.2. ஹைபிரிட் இல்லாத அதே வண்டி நகரத்தில் சுமார் 11.5, ஹைவேயில் 14.5 தொடும். நகரத்தில் பாதிக்குப் பாதி கூடுதல் லாபம். ஹைவேயில் பத்துச் சதவீதம் சொச்சம். அந்த ஹைவே எண்ணும் கூரையில் பெட்டி இல்லாமல், மிதமான வேகத்தில் எடுத்தது. முழுக்க ஹைவே ஓட்டம் என்றால் ஹைபிரிட் வாங்கும் முன் ஒருமுறை கேளுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

எஸ்யூவி என்பதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உயரமான, அகலமான முகத்தோடு காற்றைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. ஹைபிரிட் என்று பின்னால் எழுதி ஒட்டியிருப்பதைக் காற்று படிக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90லிருந்து 120க்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. டயர் உருளும் இழுவையையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பாதியளவு கூடுதல் ஆற்றல் வேண்டும். அதன்மேல் பெட்டி வேறு. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், பெரிய கூரைப் பெட்டி 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் மைலேஜில் 10 முதல் 25 சதவீதத்தைத் தின்றுவிடும். நகரத்தில் 2 முதல் 8 சதவீதம்தான். நம் ஓனரின் 12 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? எனக்கு அந்த வண்டி 12 கொடுத்ததே பெரிதாகப் பட்டது.

சோதனைக்கூட எண் ஏமாற்று என்று ஒரு கட்சி இருக்கிறது. அதுவும் முழு உண்மை இல்லை. ஐரோப்பாவில் 2017லிருந்து உள்ள டபிள்யூஎல்டிபி (WLTP) என்ற மைலேஜ் சோதனை அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், சராசரி வேகம் 46.5. அதிகபட்சம் 131ஐத் தொட்டுவிட்டுக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஏசி கிடையாது. வண்டிக்கு வண்டி ஒப்பிடத்தான் அந்த எண். உங்களுக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் அல்ல.

ஒயர் போட்டு சார்ஜ் செய்யும் பிளக்-இன் வகை தனிக் கதை. 2021ல் பதிவான கார்களின் உட்கணினிப் பதிவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024ல் வெளியிட்ட கணக்கில், பிளக்-இன் கார்கள் சாலையில் வெளியிட்ட கார்பன் டையாக்சைடு சோதனை எண்ணைப்போல் சராசரியாக 3.5 மடங்கு. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் அந்த இடைவெளி 20 சதவீதத்தை ஒட்டித்தான். முக்கியக் காரணம் ரொம்ப எளிது, எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் போடுவதில்லை. இரண்டு வருடம் ஓடிய வண்டியில் சார்ஜிங் ஒயர் பிளாஸ்டிக் உறையோடு கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெறும் மைல்டு ஹைபிரிட் வாங்கிவிட்டுச் சிக்னலில் மோட்டாரில் நகரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் நகராது. அந்தச் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்க மட்டும்தான்.

இரண்டாவது டேங்க் நினைப்பு ஓட்டும் விதத்தையும் கெடுக்கிறது. மோட்டாரில் மட்டும் ஓடுவதைக் காட்டும் ஈவி (EV) என்ற பச்சை எழுத்து டிஸ்ப்ளேயில் அணையக்கூடாது என்று ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதிப்பார்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிடுவான். பேட்டரி காலியானதும் இன்ஜின் எழுந்து, வண்டியையும் தள்ளி, பேட்டரியையும் நிரப்பும். பெட்ரோல் கரண்ட்டாகி, கரண்ட் பேட்டரிக்குள் போய், மறுபடி வெளியே வந்து மோட்டாரைச் சுழற்றும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கமிஷன் போகும். சாதாரணமாக, தயங்காமல் வேகம் எடுங்கள். வேண்டிய வேகம் வந்ததும் காலைத் தளர்த்துங்கள். மோட்டாரா இன்ஜினா என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும், அதற்குத்தானே அவ்வளவு பெரிய கணினி.

பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாக அழுத்துங்கள். கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் மோட்டார் பிடிக்க முடிந்ததற்கு மேல் உள்ளதெல்லாம் பிரேக் பேடில் சூடாகப் போய்விடும்.

சிக்னலில் நியூட்ரலுக்குப் போடும் பழைய பழக்கத்தை விடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பல ஹைபிரிட்களில் நியூட்ரலில் இருக்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கையேட்டில் எச்சரிக்கையாகவே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. அதேபோல கியரில் பி (B) என்ற நிலை நீண்ட இறக்கங்களுக்கானது. அது கூடுதல் சார்ஜ் தரும் என்று யாரோ சொன்னதை நம்பி ஊருக்குள் நாள் முழுக்க அதிலேயே ஓட்டிய ஒருவர், மைலேஜ் புகாரோடு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறைதான் நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

இயந்திரக் கோளாறே இருக்காது என்று சொல்லவில்லை. ஹைபிரிட்டில் எனக்கு அடிக்கடி மாட்டுவது பிரேக் கேலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம். வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டார் செய்துவிடுவதால் பிரேக் பேடுக்கு வேலை குறைவு. கேலிப்பர் நகர வழிவிடும் ஸ்லைடு பின் வேலை இல்லாமல் துருப்பிடித்து இறுகிவிடும். பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வரும். ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து, நான்கு ரிம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் போனாலே போதும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அனல் அடித்தால் நேராகப் பட்டறைக்கு வாருங்கள். பேட் தேயவில்லையே என்று பிரேக் சர்வீஸைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் இது வரும்.

டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். அழகுக்காக அகலமான, கரடுமுரடான டயர் மாட்டிவிட்டு மைலேஜ் கேட்காதீர்கள். 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில் "கெட்டியா இருந்தா நல்லது" என்று வேறு ஊற்றாதீர்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் என்றால் இன்ஜின் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடும். அங்கே எந்த ஹைபிரிட்டும் எண்ணைக் காட்டாது.

டிஸ்ப்ளே காட்டும் மைலேஜை வைத்து என்னோடு வாதாடாதீர்கள். அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்க்கை முதல் தானியங்கி நிறுத்தம் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டுங்கள். மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க் போதாது, மூன்று வேண்டும். மூன்றின் மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுப்பது தப்பு. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். 60 கிலோமீட்டர் லிட்டருக்கு 20 மைலேஜிலும், அடுத்த 60 கிலோமீட்டர் 12 மைலேஜிலும் போனால் 3 லிட்டரும் 5 லிட்டரும் ஆகும். 120ஐ 8ஆல் வகுத்தால் 15. பதினாறு என்று சொல்லி ஓர் இன்ஜினியரே என்னிடம் அரை மணி நேரம் நின்றார்.

அந்த ஓனருக்குப் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். 95ல் ஓட்டி, மூன்று டேங்க் கணக்கோடு வரச் சொல்லியிருக்கிறேன். வண்டியை விடும் முன் பழக்கத்தில் பின்சீட் பக்கம் குனிந்து பார்த்தேன். பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரத்தை அடைத்தபடி ஒரு போர்வை. அதை எடுத்தால் சல்லடை முழுக்க நாய் முடி, கம்பளித் துணிபோல் படிந்து கிடந்தது. பேட்டரி இன்னும் கெடவில்லை. இப்படியே இன்னும் சில கோடை போனால் சூடேறி, சார்ஜ் வாங்குவதையும் கொடுப்பதையும் கணினி குறைக்க ஆரம்பித்திருக்கும். அப்போது அவர் சொன்னது உண்மையாகியிருக்கும். உங்கள் வண்டியில் அந்தத் துவாரம் எங்கே என்று கையேட்டில் பாருங்கள். சல்லடையைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்வதை வீட்டிலேயே செய்யலாம். அதற்கு உள்ளே உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது எங்கள் வேலை. இப்போதைக்கு அதன்மேல் கிடக்கும் பையையோ போர்வையையோ மட்டும் நகர்த்தி வையுங்கள்.